உறங்கட்டுமே என்று கேட்பவர்களுக்கு

இரவு 2 மணி. வார்டின் விளக்குகள் தணிக்கப்பட்டிருக்கின்றன. பகல் முழுவதும் தலைவலியாலும் குமட்டலாலும் துன்புற்ற நோயாளி சற்று முன்னர்தான் கண்ணயர்ந்திருக்கிறார். அருகில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் அவருடைய மனைவியும் அப்போதுதான் சுவரில் தலை சாய்த்திருக்கிறார். அந்நேரத்தில் கையில் டார்ச்சுடன் நாங்கள் வருகிறோம். நோயாளியின் பெயரைச் சொல்லி உரக்க அழைக்கிறோம். இது எந்த இடம் என்று கேட்கிறோம். எங்கள் கையைப் பிடித்து அழுத்தச் சொல்கிறோம். இமையை விலக்கி ஒளியைப் பாய்ச்சுகிறோம். ஒரு மணி நேரத்துக்கு முன்பும் இதையே செய்தோம்; இன்னும் ஒரு மணி நேரம் கழித்தும் செய்வோம்.

“சிஸ்டர், இப்பத்தான் தூங்கினார். கொஞ்சம் தூங்கட்டுமே!”

நரம்பியல் பிரிவில் பணியாற்றும் செவிலியர்களாகிய நாங்கள் மிக அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் இது. இதில் அன்பு இருக்கிறது; களைப்பு இருக்கிறது; சில வேளைகளில் சினமும் இருக்கிறது. இவற்றில் எதையும் நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் நள்ளிரவில், படுக்கையருகில் நின்றுகொண்டு, இதற்கு முறையான விடை சொல்ல எங்களுக்கு நேரம் இருப்பதில்லை. அந்த விடையை இம்மடலின் வழியாகச் சொல்ல விரும்புகிறோம். எழுப்புவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது எங்கள் கருத்து. அதனை முழுமையாகச் செய்ய உங்கள் உதவி எங்களுக்குத் தேவை என்பதும் அக்கருத்தின் மறுபாதி.

உறக்கமும் மயக்கமும்

மண்டை ஓடு மூடிய பெட்டி போன்றது. அதனுள் ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள மூளையும், அதனைச் சூழ்ந்த நீரும், இரத்தமும் இருக்கின்றன. வயிற்றில் வீக்கம் ஏற்பட்டால் வயிறு உப்பிக் கொடுக்கும். காலில் அடிபட்டால் கால் பருத்துக் காட்டும். மண்டை ஓடு அவ்வாறு விரிந்து கொடுப்பதில்லை. உள்ளே இரத்தம் கசிந்தாலோ மூளை வீங்கினாலோ, முதலில் நீரும் இரத்தமும் சிறிது விலகி இடம் கொடுக்கும். அந்த இடமும் தீர்ந்த பிறகு, மிகக் குறைந்த நேரத்திலேயே அழுத்தம் வேகமாக உயர்ந்துவிடும்.

தலைக்காயத்தின் தீங்கு அடிபட்ட நொடியிலேயே முடிந்துவிடுவதில்லை என்பதைத்தான் உறவினர்கள் முதலில் அறிய வேண்டும். இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்தவர், எழுந்து நின்று, தண்ணீர் அருந்தி, வீட்டாருடன் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, சில மணி நேரம் கழித்து நினைவிழப்பதுண்டு. மண்டை ஓட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் இடையே இரத்தம் தேங்கும்போது இவ்வாறு நேரலாம். “நல்லாத்தானே பேசினார்” என்று கதறும் குடும்பங்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அவர்கள் சொல்வது உண்மை. அவர் நன்றாகத்தான் பேசினார். அந்தத் தெளிவு நிலைத்திருக்கும் என்பதற்குத்தான் உறுதி இல்லை.

இனி உறக்கத்திற்கு வருவோம். உறங்கும் மனிதரும் மெல்ல நினைவிழந்து கொண்டிருக்கும் மனிதரும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பார்கள். இருவரும் கண்களை மூடியிருப்பார்கள், இருவரும் அசைவற்றிருப்பார்கள், இருவருக்கும் குறட்டை வரலாம். படுக்கைக்கு மேல் ஒளிரும் மானிட்டர் நாடித் துடிப்பையும் ஆக்சிஜனையும் காட்டும். உறக்கத்தையும் மயக்கத்தையும் பிரித்துக் காட்டாது. உறங்குபவரை அழைத்தால் விழிப்பார், முகம் சுளிப்பார், “ஏன் எழுப்பினீங்க?” என்று கோபித்துக் கொள்வார். அந்தக் கோபம் எங்களுக்கு நற்செய்தி. அழைத்தும் விழிக்காதவரிடம்தான் எங்கள் ஓட்டம் தொடங்குகிறது.

நாங்கள் பார்ப்பது என்ன?

1974ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்னும் இரு நரம்பறுவை மருத்துவர்கள் ஓர் அளவீட்டை வெளியிட்டனர். அதற்கு முன் நினைவு நிலையைக் குறிக்க ‘அரை மயக்கம்’, ‘ஆழ்ந்த மயக்கம்’ என்பன போன்ற சொற்களே வழங்கின. ஒருவரின் அரை மயக்கம் மற்றொருவருக்கு ஆழ்ந்த மயக்கமாகத் தோன்றும். அக்குழப்பத்தை நீக்க, கண், பேச்சு, அசைவு ஆகிய மூன்றை மட்டும் பார்த்து எண்ணால் குறிக்கும் முறையை அவர்கள் வகுத்தனர். கண் திறப்பதற்கு 4 புள்ளிகள் வரை, பேச்சுக்கு 5 வரை, கைகால் அசைவுக்கு 6 வரை என இன்று அது வழங்குகிறது. மிகக் குறைந்தது 3. மிக உயர்ந்தது 15. உலகெங்கும் செவிலியரின் கையில் இருக்கும் இந்த அளவீட்டைத்தான் நாங்கள் கேஸ் ஷீட்டில் ‘ஜி.சி.எஸ்.’ என்று குறிக்கிறோம்.

அத்துடன் கருவிழியின் நடுவிலுள்ள பாவைகளைப் பார்க்கிறோம். இரண்டும் ஒரே அளவில் உள்ளனவா, ஒளி பட்டதும் சுருங்குகின்றனவா என்று கவனிக்கிறோம். மூளையின் ஒரு பக்கம் அழுத்தப்பட்டு, கண்ணுக்குச் செல்லும் நரம்பு நெருக்குண்டால், பெரும்பாலும் அதே பக்கத்துப் பாவை விரிந்து, ஒளிக்கு அசையாமல் நிற்கும். இரு கைகளையும் முன்னே நீட்டிக் கண்களை மூடச் சொல்கிறோம்; ஒரு கை மட்டும் மெல்லத் தாழ்ந்து உட்புறம் திரும்பினால், நோயாளியே உணராத பலவீனம் அங்கே தொடங்கியிருக்கலாம். நாடியும் இரத்த அழுத்தமும் மூச்சும் குறிக்கப்படுகின்றன. இரத்த அழுத்தம் ஏறி, நாடி தளர்ந்து, மூச்சு ஒழுங்கிழப்பது மூளை அழுத்தத்தின் பிந்திய அறிகுறி. அதற்காகக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ஆகவேதான் அதற்கு முன்பே மாறத் தொடங்கும் நினைவையும் பேச்சையும் நாங்கள் விடாமல் சோதிக்கிறோம்.

இச்சோதனையில் உறவினர்களை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. அழைத்தும் விழிக்காத நோயாளியின் விரல் நுனியையோ, தோள் தசையையோ, புருவத்தின் மேல் எலும்பையோ நாங்கள் அழுத்துகிறோம். “ஏற்கெனவே அடிபட்டவரை ஏன் இப்படி வதைக்கிறீர்கள்?” என்று ஒரு தாய் எங்களிடம் கேட்டார். அந்தக் கேள்வியை நாங்கள் மறக்கவில்லை. அழுத்தும்போது அவர் கையை உயர்த்தித் தட்டிவிடுகிறாரா, வெறுமனே கையை மடக்கிக்கொள்கிறாரா, கை விறைத்து நீள்கிறதா என்பதில் மூளையின் நிலை தெரிகிறது. தட்டிவிடுவது நல்லது, விறைத்து நீள்வது ஆபத்து. இந்த அறிவைப் பெற எங்களுக்கு வேறு வழியில்லை. 2014ஆம் ஆண்டில் இந்த அளவீட்டின் சொற்கள் திருத்தப்பட்டபோது ‘வலி’ என்ற சொல் விலக்கப்பட்டு ‘அழுத்தம்’ என்று மாற்றப்பட்டது. தேவைக்கு மேல் ஒரு நொடியும் அழுத்தக் கூடாது என்பது எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். அழுத்தும் முன் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதும் எங்கள் கடமையே. அவசரத்தில் அதனை மறந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம்.

எண் அல்ல, மாற்றம்

“எங்கள் அப்பாவுக்கு 13, பக்கத்துப் படுக்கைக்காரருக்கு 14. அப்படியானால் அப்பாவின் நிலை மோசமா?” என்று கேட்கிறார்கள். ஒருவரின் எண்ணை மற்றொருவரின் எண்ணோடு ஒப்பிடுவதால் பயனில்லை. காலையில் 15 இருந்தவர் மாலையில் 13 ஆனால் நாங்கள் அஞ்சுகிறோம். நேற்று 9 இருந்தவர் இன்று 11 ஆனால் மகிழ்கிறோம். ஒரு நோயாளியை அவரோடுதான் ஒப்பிட முடியும். ஒரு மணிக்கு எடுத்த குறிப்பு, அதன் முந்திய குறிப்போடும் பிந்திய குறிப்போடும் சேர்த்துப் படிக்கும்போதுதான் பொருள் பெறுகிறது. நடுவில் ஒன்று விடுபட்டால், மாற்றம் எப்போது தொடங்கியது என்பது தெரியாமலே போய்விடும்.

“ஸ்கேன்தான் எடுத்தாயிற்றே” என்பதும் அடிக்கடி கேட்கும் சொல். சி.டி. ஸ்கேன் பெரும் வரம். நோயாளி ஒருவருக்கு அது முதன்முதலில் எடுக்கப்பட்டது 1971ஆம் ஆண்டில், இலண்டனில். 1950இல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பறுவைப் பிரிவைத் தொடங்கிய காலத்தில் அக்கருவி உலகில் எங்கும் இல்லை. எக்ஸ்-ரேயும் ஊடுகதிர் சாயமும் தந்த மறைமுகக் குறிப்புகளோடு, நோயாளியை விடாமல் உற்றுப் பார்த்த கண்களையே அன்றைய மருத்துவர்கள் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. இன்று கருவி வந்துவிட்டது. ஆயினும் ஸ்கேன் என்பது ஒரு கணத்தின் படம். மாலை 6 மணிக்கு எடுத்த படம், இரவு 11 மணிக்குத் தொடங்கும் கசிவைக் காட்டாது. அடுத்த ஸ்கேன் எப்போது தேவை என்பதைப் பெரும்பாலும் உணர்த்துவது, மணிக்கொரு முறை நடக்கும் இந்த எளிய சோதனைதான்.

எத்தனை முறை என்பதும் எங்கள் விருப்பம் அன்று. பக்கவாதம் கண்டவருக்கு, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து செலுத்தப்பட்டால், முதல் 2 மணி நேரம் 15 நிமிடங்களுக்கு ஒரு முறையும், அடுத்த 6 மணி நேரம் 30 நிமிடங்களுக்கு ஒரு முறையும், பின்னர் 24 மணி நேரம் நிறைவடையும் வரை மணிக்கு ஒரு முறையும் சோதிக்க வேண்டும் என்பது நடைமுறை. கணக்கிட்டால் ஒரே நாளில் 36 முறை. கட்டியைக் கரைக்கும் அதே மருந்து மூளைக்குள் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும் என்பதே காரணம். மூளையின் இரத்தக் குழாய்ப் புடைப்பு வெடித்தவர்களுக்கோ ஆபத்து முதல் நாளோடு ஓய்வதில்லை. ஏறத்தாழ 4ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை குழாய்கள் சுருங்கி, மூளைக்கு இரத்தம் குறையலாம். “ஒரு வாரம் ஆகிவிட்டதே, இன்னுமா எழுப்புகிறீர்கள்?” என்று அவர்களின் குடும்பத்தார் கேட்பது இயல்பு. அந்த வாரத்தில்தான் அவர்களை நாங்கள் மிகுதியாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்துக் குறை

இதுவரை உங்களிடம் பொறுமையை வேண்டினோம். எங்கள் பக்கத்துக் குறையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

எங்களில் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு மருத்துவமனையில் இளம் செவிலியராக இரவுப் பணியில் இருந்தார். தலைக்காயத்துடன் வந்த நடுத்தர வயது மனிதர். இரவு 1 மணி வரை 15 புள்ளிகளுடன் தெளிவாகப் பேசினார். 2 மணிக்குச் சென்றபோது அவருடைய மனைவி கைகூப்பி, ஒரு மணி நேரமாவது உறங்க விடும்படி கெஞ்சினார். செவிலியரும் இரங்கினார். குறிப்பேட்டின் 2 மணிக் கட்டத்தில் ‘உறங்குகிறார்’ என்று எழுதினார். 3 மணிக்கு அவர் அழைத்தபோது நோயாளி கண் திறக்கவில்லை. வலப் பாவை விரிந்திருந்தது. உடனே அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் இடக்கையின் வலிமை முழுமையாகத் திரும்பவில்லை. அந்த ஒரு மணி நேரமே அதற்குக் காரணம் என்று எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. இல்லை என்றும் கூற இயலாது. அச்செவிலியர் இன்று எங்களுள் மூத்தவர். பணியில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் அவர் இந்நிகழ்வைச் சொல்கிறார். ‘உறங்குகிறார்’ என்பது சோதித்தறிந்த குறிப்பு ஆகாது என்று கற்பிக்கிறார்.

அந்த மனைவியின் மீது குற்றமில்லை. அவருக்கு எவரும் எதையும் விளக்கியிருக்கவில்லை. ஏன் எழுப்புகிறோம் என்பதைப் பகலிலேயே சொல்லியிருந்தால், அவர் கெஞ்சியிருக்க மாட்டார். தாமே கணவரை எழுப்பி வைத்திருப்பார். சொல்லாமல் விட்டது மருத்துவமனையின் தவறு. எங்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

இதற்கு நேர்மாறான உண்மையும் உண்டு. உறக்கமும் மருந்துதான். பல இரவுகள் தொடர்ந்து உறக்கம் கலைக்கப்பட்டால், நோயாளி, குறிப்பாக முதியவர், குழப்பமடைவார், இல்லாததைக் கண்டு பேசுவார், குழாய்களைப் பிடுங்குவார். அந்தக் குழப்பம் மூளைக்காயத்தால் வந்ததா, உறக்கமின்மையால் வந்ததா என்று பிரித்தறிவதும் கடினமாகும். தேவை முடிந்த பின்னும் பழக்கத்தின் காரணமாக மணிக்கொரு முறை எழுப்புவது நன்மை அன்று. ஆகவே, எத்தனை மணிக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்பதை மருத்துவர் நாள்தோறும் மறுபரிசீலனை செய்து எழுத வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. காலை ரவுண்ட்ஸின்போது, “ஐயா, இன்று இரவும் மணிக்கொரு முறை எழுப்ப வேண்டுமா?” என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. தயங்காமல் கேளுங்கள். இடைவெளியைக் கூட்டலாம் என்றால் எங்களைவிட மகிழ்பவர் எவரும் இரார். ஆனால் அக்கேள்விக்கு உரிய நேரம் காலை, உரியவர் மருத்துவர். நள்ளிரவில், தனித்து நிற்கும் இளம் செவிலியரிடம் அதனைக் கேட்டு, அவருடைய இரக்கத்தைச் சோதிக்க வேண்டாம்.

உங்கள் கண்கள்

ஒரு கிராமத்துப் பெரியவர். தலையில் அடிபட்டு இரண்டாம் நாள். கண் திறந்திருந்தார், ஊரைச் சொன்னார், மாதத்தைச் சொன்னார், கையை உயர்த்தினார். எங்கள் கணக்கில் 15. ஆனால் அவருடைய மனைவி எங்களைத் தேடி வந்து சொன்னார்: “அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாரும்மா. கட்டிக்கிட்டு நாப்பது வருசமா ‘இந்தா’ன்னுதான் கூப்பிடுவார்.” முதலில் எங்களுக்குப் புன்னகைதான் வந்தது. பின்னர் மூத்த செவிலியர் சென்று மீண்டும் சோதித்தார். விடைகள் சரியாக இருந்தன; ஆனால் ஒவ்வொரு விடைக்கும் முன் சிறு தாமதம் இருந்தது. மருத்துவரிடம் தெரிவித்தோம். மறு ஸ்கேனில் மூளையின் முன்பகுதி வீக்கம் முந்திய நாளைவிடக் கூடியிருந்தது. மருந்துகள் மாற்றப்பட்டன. எந்த அளவீட்டிலும் இல்லாத ஒரு புள்ளியை அந்த அம்மையார் அளந்திருந்தார்.

நாங்கள் நோயாளியைச் சில நாள்களாக அறிவோம். நீங்கள் அவரை வாழ்நாள் முழுவதும் அறிவீர்கள். “வழக்கம்போல் இல்லை” என்று நீங்கள் சொல்லும் சொல், நாடியைப் போலவும் இரத்த அழுத்தத்தைப் போலவும், நேரத்துடன் கேஸ் ஷீட்டில் எழுதப்பட வேண்டிய குறிப்பு என்று நாங்கள் கருதுகிறோம். அவ்வாறு நீங்கள் சொன்னவுடன், அடுத்த முறை வரும் வரை காத்திராமல், செவிலியர் உடனே வந்து சோதிக்க வேண்டும். “எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது” என்று பார்க்காமலே எவரேனும் சொன்னால், பணியிலிருக்கும் மூத்த செவிலியரை அழைக்கக் கேளுங்கள். அதனை நாங்கள் தவறாக எண்ண மாட்டோம்.

சேர்க்கையின்போதே நீங்கள் எங்களுக்குச் சொல்ல வேண்டியவையும் சில உண்டு. காது மந்தமா? எந்தக் காதில் பேசினால் கேட்கும்? கண்புரை அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறதா? ஒரு பாவை பிறவியிலிருந்தே சற்றுப் பெரிதா? அண்மையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து இட்டீர்களா? முன்பே பக்கவாதம் வந்து ஒரு கை தளர்ந்திருந்ததா? இடக்கைப் பழக்கம் உள்ளவரா? அண்மைக் காலமாக மறதி இருந்ததா? இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்கிறாரா? மது அருந்தினாரா? இறுதிக் கேள்விக்கு உண்மையான விடை சொல்வதில் வெட்கம் வேண்டாம். அதனை நாங்கள் பழியாக எழுதுவதில்லை. மதுவால் வந்த தள்ளாட்டத்தையும் காயத்தால் வந்த தள்ளாட்டத்தையும் பிரித்தறியவே கேட்கிறோம். மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வராதீர்கள். அவை இல்லாமல் சோதித்தால், நல்ல நினைவுள்ளவரும் குழம்பியவராகத் தோன்றுவார்.

மொழியும் அவ்வாறே. வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ உருதுவோ பேசும் முதியவர் பலர், நோயுற்ற வேளையில் அம்மொழிக்கே திரும்பிவிடுகிறார்கள். கட்டடப் பணியில் விழுந்து கொண்டுவரப்படும் வடமாநிலத் தொழிலாளியிடம் தமிழில் கேள்வி கேட்டுவிட்டு, விடையில்லை என்று புள்ளியைக் குறைப்பது முறையன்று. அவர் மொழி அறிந்த ஒருவர் சோதனையின்போது உடனிருந்தால் பேருதவி. கேள்விகளையும் ஆளுக்கேற்ப மாற்றவே முயல்கிறோம். ஆங்கிலத் தேதியை ஒருபோதும் பார்த்திராத மூதாட்டியிடம் தமிழ் மாதத்தையோ, அடுத்து வரும் பண்டிகையையோ கேட்கிறோம். ‘பெரியாஸ்பத்திரி’ என்று சொன்னால் அது எங்களுக்குச் சரியான விடையே.

ஒன்றை மட்டும் மிகப் பணிவாக வேண்டுகிறோம். நாங்கள் கேள்வி கேட்கும்போது நோயாளிக்காக நீங்கள் விடை சொல்லாதீர்கள். வாயசைத்து எடுத்துக் கொடுக்காதீர்கள். “அப்பா, நல்லா சொல்லுங்க, ஆகஸ்ட்டு!” என்று மகள் உதவுவது பாசம்தான். ஆனால் தேர்வில் மதிப்பெண் பெற்றுத் தருவது போன்ற அந்த உதவி, இங்கே உண்மையை மறைத்துவிடும். விடை தவறினால் அவர் தோற்றுப்போனதாகப் பொருளில்லை. எங்களுக்கு ஒரு செய்தி கிடைத்ததாகவே பொருள்.

நிர்வாகத்திடம் எங்கள் வேண்டுகோள்

இது நோயாளிகளுக்கான மடல் என்றாலும், நிர்வாகத்தினரும் படிப்பார்கள் என்பதால் இரண்டு சொற்கள். பணி மாறும் நேரத்தில், செல்லும் செவிலியரும் வரும் செவிலியரும் படுக்கையருகில் ஒன்றாக நின்று நோயாளியைச் சோதிக்க வேண்டும். ஒருவர் ‘குழப்பம்’ என்று எழுதியதை மற்றவரும் கண்ணால் கண்டு ஏற்றால்தான் இருவரின் எண்களும் ஒரே அளவுகோலில் நிற்கும். அவ்வேளையில் உறவினர் ஒருவரை உடனிருக்க அனுமதிக்க வேண்டும். இச்சோதனையை ஒழுங்காகச் செய்ய ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்கள் தேவை. ஒருவர் கவனிக்க வேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கை கூடக்கூட அந்த நிமிடங்கள் குறைகின்றன. டார்ச்சும் குறிப்பேடும் எத்தனை இருந்தாலும், பார்ப்பதற்கு ஆள் வேண்டும்.

வீடு திரும்பிய பின்

சிறு தலைக்காயத்துடன் வந்து வீட்டுக்கு அனுப்பப்படுபவர்களுக்கு, அடுத்த சில நாள்கள் எங்கள் பணியின் ஒரு பகுதி உங்களிடம் வந்து சேர்கிறது. முதல் 24 மணி நேரம் அவரைத் தனியே விடாதீர்கள். இரவில் எழுப்பிப் பார்க்க வேண்டுமா, எத்தனை முறை என்பதை வீடு செல்லும் முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், குழறும் பேச்சு, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, வலிப்பு, மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தெளிந்த நீர் வடிதல், புதிதாக ஒரு கண்பாவை பெரிதாகத் தோன்றுதல், பொருத்தமில்லாத நடத்தை ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108ஐ அழைத்து உடனே வாருங்கள். முதியவர்களுக்கும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்களுக்கும் சில வாரங்கள் கழித்தும் இரத்தம் தேங்கித் தொல்லை தரலாம். “அன்று விழுந்தது ஒன்றும் ஆகவில்லையே” என்று அதனை மறந்துவிட வேண்டாம்.

இன்றிரவும் 2 மணிக்கு நாங்கள் வருவோம். விளக்கைத் தேவைக்கு மேல் ஏற்ற மாட்டோம். குரலையும் தேவைக்கு மேல் உயர்த்த மாட்டோம். நீங்கள் விழித்திருந்தால், கடந்த ஒரு மணி நேரத்தில் அவரிடம் கண்ட மாற்றம் ஏதேனும் உண்டா என்று கேட்போம். உண்டென்றால் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம். இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். அவர் விழித்து, எங்களைக் கடிந்துகொண்டு, மறுபுறம் திரும்பிப் படுத்த பின், நீங்களும் அடுத்த ஒரு மணி நேரம் கவலையின்றிக் கண்ணயரலாம்.

— நரம்பியல் பிரிவுச் செவிலியர்கள்